1எம்டிபி-க்குப் பிறகு யாரை நம்புவது?

கேள்வி: நான் மலேசியாவின் ஈப்போவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணமோசடிச் செய்திகளைக் கேட்டே வளர்ந்த என் மகள், “எல்லாரும் ஒன்றுதான் அப்பா, ஓட்டுப் போட மாட்டேன்” என்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?

பதில்: ஐயா, முதலில் அவள் கோபம் நியாயமானது என்று சொல்லிவிடுங்கள். புத்திமதி அப்புறம்.

2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. அப்போது மளிகைக்கடை ரசீதின் அடியில் அந்த வரி தனியாக அச்சாகி வந்தது. ஒவ்வொரு காசும் கண்ணில் பட்டது. மூன்றே மாதத்தில், அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 1எம்டிபி-யோடு தொடர்புடைய நிறுவனங்கள் வழியாக ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் சேர்ந்ததாகச் செய்தி வெளியானது. ரசீதையும் அந்தச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

என்னைக் கேட்டால், அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். அதே ஜூலை மாதம், வழக்குத் தொடுக்கும் அதிகாரம் உள்ள சட்டத்துறைத் தலைவர் மாற்றப்பட்டார். கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் முகைதீன் பதவி இழந்தார். புதிய சட்டத்துறைத் தலைவர் 2016 ஜனவரியில், அந்தப் பணம் சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை, குற்றம் எதுவும் இல்லை என்றார். 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையை அரசாங்க ரகசியம் என்று பூட்டிவைத்தார்கள். திருட்டுப் போன வீட்டில் காவல்காரரையும் மாற்றி விளக்கையும் அணைத்த மாதிரி. “புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது” என்ற எண்ணம் இப்படித்தான் ஊறுகிறது. ஊறிவிட்டால், நல்ல திட்டத்தைக்கூட மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆனால் 2018 மே 9-ஐ அவளுக்கு நினைவூட்டுங்கள். 61 ஆண்டு ஆட்சி வாக்குச்சீட்டால் போனது. பூட்டிய அறிக்கை அந்த மாதமே வெளியே வந்தது. நாட்டின் கடனை அடைக்க நிதி திரட்டியபோது, ஜிஎஸ்டி-க்கு முணுமுணுத்த அதே மக்கள் சுமார் 20 கோடி ரிங்கிட் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில், 1எம்டிபி-யின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி தொடர்பான வழக்கில் நஜிப்பின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்றே காஜாங் சிறைக்குப் போனார். அந்த எஸ்ஆர்சி-க்கு 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது உங்களைப் போன்ற அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. இதையும் சொல்லுங்கள்.

2024-இல் மன்னிப்பு வாரியம் நஜிப்பின் 12 ஆண்டுச் சிறையை 6 ஆக்கியதே என்று அவள் கேட்பாள். மறுக்காதீர்கள், உண்மைதான்.

அதனால் “அரசாங்கத்தை நம்பு” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். நீதிமன்றம், கணக்காய்வு, வழக்குத் தொடுப்பவர் என்று பிரித்துப் பேசுங்கள். உங்கள் தொகுதி வேட்பாளரிடம் ஒரே கேள்வியை அவளையே கேட்கச் சொல்லுங்கள்: விசாரிப்பவரைப் பிரதமர் நினைத்தபோது மாற்ற முடியாதபடி செய்ய நீங்கள் கைதூக்குவீர்களா?

அப்புறம், 2021 டிசம்பர் முதல் 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாகவே நடந்துவிடுகிறது. அவள் பெயர் எந்த வாக்குச்சாவடியில் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்துவிடுங்கள்.