கழுத்துப் பட்டையை மட்டும் மறுத்தவர்

கேள்வி: மண்டபத்தில் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். படகுத்துறையில் படகிலிருந்து சறுக்கி விழுந்த மீனவர் ஒருவரை ராமநாதபுரம் கொண்டுபோனோம். தலைக்காயத்துக்குக் கட்டுப் போட விட்டார். கழுத்து அசையாமலிருக்க மாட்டும் பட்டையை மட்டும், "மூச்சு முட்டுது தம்பி, எடுத்துரு" என்று பிடுங்கிவிட்டார். லேசாகக் குடித்திருந்தார். 'சிகிச்சை வேண்டாம்' என்று அச்சடித்த படிவத்தில் அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்கினேன். இப்போது கை மரத்துப்போகிறது என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பட்டை போடாததைவிட அந்தப் படிவம்தான் எனக்குக் கவலை.

நிதானத்தில் உள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. முழுதாக மறுக்க முடிகிறவர் ஒரு பகுதியையும் மறுக்கலாம்தானே? கையைப் பிடித்து மாட்டியிருந்தால் புகார் வேறு மாதிரி வந்திருக்கும். ஒன்றை மறுத்தார் என்று மற்றதையும் நீங்கள் கைவிடவில்லை; அது உங்களுக்குச் சாதகம்.

ஆனால் அவர் 'சிகிச்சை வேண்டாம்' என்று சொல்லவே இல்லையே! கட்டுப் போட்டுக்கொண்டு வண்டியிலும் வந்தவர். நடந்ததற்கு மாறான காகிதத்தை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். மனைவியின் கையெழுத்தும் உதவாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இவரோ விழித்திருந்தார். நினைவில்லாதவர், கேட்க ஆளும் நேரமும் இல்லை என்றால் கதை வேறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கும்.

குடிவாடை அடித்தாலே மறுக்கும் உரிமை போய்விடாது. எங்கே இருக்கிறார், எப்படி விழுந்தார், பட்டை இல்லாவிட்டால் என்ன ஆகலாம் என்பதைத் திருப்பிச் சொன்னாரா? அதைக் கேட்டீர்களா, கேட்டதை எழுதினீர்களா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

சரி, அன்றைய பயணத்தைப் பதிந்த டிரிப் ஷீட்டில் இப்போது ஓர் எழுத்தும் சேர்க்காதீர்கள். பட்டையைப் பிடுங்கியபோது அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று டிரைவரும் நீங்களும் தனித்தாளில் இன்றைய தேதி போட்டு எழுதிவையுங்கள். காசு வாங்கி ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு அவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆகவே முதலாளியையும் சேர்த்துக்கொண்டு வக்கீல் மூலமே பதில் அனுப்புங்கள். அப்புறம், ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தபோது 'பட்டையை மறுத்தார்' என்று சொன்னீர்களா? அங்கே கேஸ் ஷீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.