மூன்றாவது மாடியில் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று சென்னைக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. அவருக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை; சமையலுக்கும் ஆள் இருக்கிறது. ஊரில் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு, ரேஷன் கடை வரை நடந்து போய் வந்தவர். இப்போது சோபாவை விட்டு எழவே யோசிக்கிறார். காலில் வலுவில்லை என்கிறார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் வேண்டாம் என்கிறார். கூப்பிட்டால் பல நேரம் பதில் இல்லை. நடப்பதற்கென்று வாங்கிக் கொடுத்த ஷூ பெட்டியிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த கோலமாவு டப்பா பரணில் கிடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிரஷருக்கு மட்டும் மாத்திரை. இதெல்லாம் வயதினால் வருவதுதானா? மறதி நோயின் ஆரம்பமா? திரும்ப ஊரில் கொண்டுபோய் விட்டால் சொந்தக்காரர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ரேஷன் கடைக்கு நடந்து போய் வந்தவர் இன்று சோபாவிலிருந்து எழ யோசிக்கிறார் என்றால், கூடிய அந்த இரண்டு வயது மட்டும் அதைச் செய்திருக்காது. பெரிய நோய் எதுவும் இல்லாமல் 71-க்கும் 73-க்கும் நடுவில் உடம்பு இவ்வளவு இறங்குவது வழக்கமில்லை. உங்கள் அம்மாவுக்கு வீடு மாறியது, தெரு மாறியது, பேச்சுத்துணை போனது, செய்துவந்த வேலை போனது, எல்லாம் ஒரே சமயத்தில். வாழ்நாள் முழுக்கக் கூட இருந்த மனிதரும் போய்விட்டார்.

முப்பது வருடமாக நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். 'வயசாயிடுச்சு, அதான்' என்று சொல்லி அழைத்து வரப்படும் பெரியவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்தால், பாதிக் காரணம் அங்கே கண்ணெதிரே இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஆரோக்கியமான முதுமை என்றால் நோயே இல்லாத முதுமை என்று சொல்வதில்லை. ஒருவர் தனக்கு முக்கியம் என்று நினைப்பதைச் செய்ய முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. அதற்கு உடம்பிலும் மனதிலும் இருக்கும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்புக்கு வீடும் தெருவும் மனிதர்களும் இடம் கொடுக்கவும் வேண்டும். முழங்கால் தேய்ந்த ஒருவர், பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த கழிவறைக்குத் தானாகப் போய் வந்துவிடுவார். கம்பி இல்லாத வீட்டில் அதே முழங்காலோடு அடுத்தவர் கைக்காகக் காத்திருப்பார். 2021 முதல் 2030 வரையிலான பத்து வருடங்களை ஐ.நா. சபை இந்த ஆரோக்கியமான முதுமைக்கென்றே அறிவித்திருக்கிறது.

ஊரில் அம்மாவின் ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து, எதையும் பிடிக்காமல் கோலம் போடுகிறார். பேலன்ஸ் பயிற்சி என்று நான் சொல்லிக் கொடுப்பது கிட்டத்தட்ட அதுதான். புள்ளி எண்ணி வரிசை பிசகாமல் இழுப்பது மூளைக்கு வேலை. தழை ஒடிக்கக் கையைத் தூக்கும்போது தோள் முழுதாக அசைகிறது. திண்ணையில் உட்கார்ந்து எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்று பேசும்போது காதும் ஞாபகமும் சேர்ந்து வேலை செய்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பேலன்ஸும் தசை வலுவும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் அம்மா அதை ஏழு நாளும் செய்துவந்தார். ஓய்வு கொடுக்கிறோம் என்று நாம்தான் நிறுத்திவிட்டோம்.

நாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் மாமியார் தினமும் சின்ன வெங்காயம் உரித்துத் தருவார். கண் எரிகிறதே, பாவம் என்று நான் ஆள் வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள், ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாமல் அறைக்குள் வெகுநேரம் நின்றிருந்தார். விரல்கள் வேலை மறந்துவிட்டன. இத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கே என் வீட்டில் அது தெரியவில்லை. மறுநாள் வெங்காயக் கூடையை மறுபடி அவர் முன்னால் வைத்தேன். விரல்கள் மெல்லத் திரும்பி வந்தன. அதனால் உங்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 'நீ சும்மா உட்காரும்மா' என்பது அன்பில் வருகிற வார்த்தை. ஆனால் வயதான உடம்புக்கு அது சேர்வதில்லை.

சரி, முதலில் சோபா. மெத்தை அமுங்கி, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிற இருக்கையிலிருந்து எழுவது எனக்கே கஷ்டம். எழ முடியாததால் உட்கார்ந்தே இருக்கிறார், உட்கார்ந்தே இருப்பதால் தொடைத் தசை வற்றுகிறது, அப்புறம் இன்னும் எழ முடியாது. கைப்பிடி உள்ள, அழுத்தமான மர நாற்காலி ஒன்று போதும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடத் துளி உயரமாக இருக்கலாம். அதிலிருந்து காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். முதலில் கைப்பிடியை ஊன்றி, பிறகு ஊன்றாமல். சாப்பாட்டில் முட்டையோ பருப்போ சுண்டலோ தினமும் இருக்கட்டும். ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் தசை வளராது.

தண்ணீர் வேண்டாம் என்கிறார் என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய சேதி. தாகம் இல்லாததால் மட்டும் பெரியவர்கள் தண்ணீரை ஒதுக்குவதில்லை. பாத்ரூமுக்குப் போக பயந்துகொண்டு ஒதுக்குகிறவர்கள் நிறைய. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் தொற்று வரும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் எழும்போது தலை கிறுகிறுக்கும். சில பேர் நினைவு குழம்பிப் பேசுவார்கள், அதைப் பார்த்து நாம் மறதி நோயோ என்று பதறுவோம்.

இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அம்மாவின் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நீங்களே நடந்து பாருங்கள். வாசல்படி எங்கே இடறுகிறது, ஸ்விட்ச் எந்த உயரத்தில் இருக்கிறது, ஈரத்தில் மிதியடி நகர்கிறதா, உட்கார்ந்து எழ எதைப் பிடிப்பது என்று கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் பிடிக்க இருப்பது துண்டு போடும் கம்பிதான். அது ஆள் எடையைத் தாங்காது. அதைப் பிடித்துக் கம்பியோடு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் துளை போட்டு இறுக்கும் எவர்சில்வர் கைப்பிடிகள் கிடைக்கின்றன. கழிவறை இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. உட்கார்ந்து குளிக்க வழுக்காத ஸ்டூல், ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு, வெளியிலிருந்தும் திறக்க முடிகிற தாழ்ப்பாள். ஒரு நாள் வேலைதான். இடுப்பெலும்பு உடைந்தால் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை என்று போய்விடும். சிலர் பழையபடி நடப்பதே இல்லை.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. பாத்ரூமுக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டுமா? உங்கள் கணவர் ஹாலில் இருக்கும்போது அம்மா எழுந்து வருகிறாரா? நம் பக்கத்து அம்மாக்களுக்கு மாப்பிள்ளை வீட்டில் தங்குவது என்பதே மனசுக்குள் ஒரு உறுத்தல். இரண்டு வருடம் ஆனாலும் விருந்தாளி போலக் கூசிக்கொண்டு, வாய் திறந்து எதையும் கேட்காமல் இருப்பார்கள். நீங்கள் எவ்வளவு சொன்னாலும் இது மாறாது. உங்கள் கணவர்தான் மாற்ற முடியும். 'அத்தை, உங்க கையால ஒரு வத்தக்குழம்பு வைங்களேன்' என்று அவர் ஒரு நாள் கேட்கட்டும். உபசாரத்துக்குக் கேட்காமல், நிஜமாகவே சாப்பிட ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும்.

மறதி நோய் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் முதலில் காதைப் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள்; அரசு மருத்துவமனைகளில் புரை அறுவைச் சிகிச்சை இலவசம். மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. காது கேளாமை, சரி செய்யாத பார்வைக் குறை, தனிமை, மனச்சோர்வு, உடல் அசைவின்மை, காற்று மாசு எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த 14-ஐயும் சரிசெய்தால் கிட்டத்தட்ட 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கடிதத்தில் நான்கைந்து ஏற்கெனவே தெரிகின்றன. பி12, தைராய்டு பார்த்தார்களா என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள், தூக்க மாத்திரை இருந்தால் அதையும். எடை குறைந்தாலோ, பழகிய இடத்தில் வழி தவறினாலோ, அடிக்கடி விழுந்தாலோ, சில நாளிலேயே பேச்சு குழம்பினாலோ தாமதிக்க வேண்டாம். அப்பாவைப் பற்றி அம்மா பேசுகிறாரா? பேச விடுகிறீர்களா? துக்கம் கூடச் சோம்பல் மாதிரிதான் வெளியே தெரியும்.

ஷூ பெட்டியிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எந்தத் தெருவில் போட்டுக்கொண்டு நடப்பார்? நம் ஊர் நடைபாதையில் டிரான்ஸ்பார்மர் நிற்கும், பைக் நிற்கும், முடிகிற இடத்தில் முக்கால் அடி உயரத்திலிருந்து இறங்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் உட்கார ஒரு பெஞ்சு இருக்காது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60-ஐக் கடந்தவர். அவர்களை மனதில் வைத்துப் போட்ட தெரு ஒன்றைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் 2009 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிக்னல் கம்பத்தில் முதியோர் தங்கள் அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும். அந்தச் சில நொடிகளை நம்பித்தான் ஒரு பாட்டி தனியாகக் கடைக்குக் கிளம்புகிறார். உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டு 2007-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அவர்கள் கேட்டவற்றில் உட்கார இடமும் பொதுக் கழிவறையும் இருந்தன. எத்தனை சின்ன ஆசைகள்!

சிக்னலை உங்களால் மாற்ற முடியாது. பெஞ்சு போட வைக்க முடியும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: கீழே நிழலான இடத்தில் முதுகு சாய்கிற பெஞ்சு ஒன்று, படிக்கட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடியோடு சரிவுப் பாதை. உங்கள் கட்டடத்தில் இன்னும் எத்தனை அம்மாக்கள் கதவுக்குப் பின்னால் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ. நான் பார்த்த ஒரு குடியிருப்பில், மாலையில் நாலு பெண்கள் கீழே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இரண்டு நாற்காலி போட்டார்கள், அவ்வளவுதான். வராதவர் வீட்டு மணியை மற்றவர்கள் போய் அடிக்கிற அளவுக்கு அது வளர்ந்தது.

உங்கள் வீட்டில் 'வயசாயிடுச்சுல்ல' என்ற பேச்சையும் கொஞ்சம் குறையுங்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், தங்கள் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. எண்ணம் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் காதில் விழுகிற பேச்சிலிருந்துதான் அந்த எண்ணம் வளர்கிறது.

ஊருக்கு அனுப்பலாமா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பயத்தை எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில் அம்மா என்ன கேட்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை, தங்கை. அவரிடம் கேளுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். ஊர்தான் என்று சொன்னால், முதலில் ஒரு மாதம் போய் இருந்து பார்க்கட்டும். அங்கேயும் கழிவறைக்குக் கைப்பிடி வேண்டும், ராத்திரி துணைக்கு ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று மாறி மாறி இருப்பதும் பல குடும்பங்களில் நன்றாகவே நடக்கிறது. ஏசுகிற சொந்தக்காரர்கள் ஏசட்டும். அவர்கள் யாரும் ராத்திரி எழுந்து அம்மாவுக்கு விளக்குப் போடப் போவதில்லை.

கைப்பிடி மாட்டி, காதுக்கும் காட்டிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கோலமாவு டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி வையுங்கள். மூன்றாவது மாடியிலும் வாசல் இருக்கிறது. குனிய முடியாவிட்டால் முக்காலியில் உட்கார்ந்து போடட்டும். லிஃப்டில் இறங்குகிறவர்கள் யாராவது நின்று, எத்தனை புள்ளி என்று கேட்பார்கள்.

அன்புடன்,
அக்கா