மகன் லொறி ஓடப் போகிறேன் என்கிறான்: ஒரு தாய்க்கு

அக்கா,

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். "இருபது வருசம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி வளர்த்தது இவன் லொறி ஓடுறதுக்கா?" அந்த வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் ஊரில் நாங்கள் கண்ட லொறிச் சாரதியை மனதில் வைத்துக்கொண்டு, சுவிசில் உள்ள இந்த வேலையை அளக்க வேண்டாம்.

இங்கே இது மூன்று வருச லேர, அதாவது வேலை செய்துகொண்டே படிக்கும் தொழிற்பயிற்சி. கம்பனியில் வேலை, தொழிற்பள்ளியில் படிப்பு, முடிவில் அரச சான்றிதழ். 18 வயதில் பெரிய லொறிக்கான சி வகுப்பு லைசென்ஸ், அப்புறம் இழுவை வண்டிக்கு சி.ஈ. அதோடு விடமாட்டார்கள், ஐந்து வருசத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலப் பயிற்சி எடுத்தால்தான் தொழிலாக ஓடலாம். மகனின் புள்ளிகள் நல்லாக இருக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். சரி, லேரயோடு பெரூஃப்ஸ்மதூரா என்ற உயர்தரப் பரீட்சையும் செய்தால் ஃபாக்ஹோக்ஷூலே என்ற தொழில்சார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். படிப்பு இதோடு முடிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

உண்மையில் யோசிக்க வேண்டியது மலை.

ஒரு மாசி மாதம், முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த பொடியன் ஒருவனோடு சிம்ப்ளோன் கணவாயால் இத்தாலிப் பக்கம் போனேன். 2,005 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் பனி. உச்சியைத் தாண்ட முதலே கியரை இறக்கிவிட்டான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னக் கைபிடி ஒன்று, கால் பிரேக் இல்லாமலே வண்டியை மெதுவாக்கும் ரிட்டார்டருக்கு. அதைப் படிப்படியாக இழுத்தான். எல்லையில் இருக்கிற கொண்டோ வரைக்கும் கால் பிரேக்கை அவன் தொட்டது நாலைந்து தரம்தான். 40 தொன்னைக் கால் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால், பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போய்விடும். "இறக்கத்தில வேகத்தைக் குறைக்கிற வேலையே வரக்கூடாது அண்ணை, வேகம் எடுக்கவே விடக்கூடாது" என்றான். ஊரில் இந்தப் பிள்ளையைப் படிப்பு ஏறாதவன் என்று சொல்லியிருப்பார்கள். அவன் அன்று தலைக்குள் எவ்வளவு கணக்குப் போட்டான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

சுரங்கப் பாதையில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மறைக்க மாட்டேன். 1999 இல் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மொன்ட் பிளாங்க் சுரங்கத் தீயில் 39 பேர் இறந்தார்கள். 2001 ஒக்டோபர் 24 இல் இங்கே சுவிசில் கோத்தார்டு சுரங்கத்துக்குள் இரண்டு லொறிகள் மோதி எரிந்து 11 பேர். அதற்குப் பிறகு நிறைய மாறியது. இப்போது கோத்தார்டுக்குள் லொறிகளை அளந்து அளந்துதான் விடுகிறார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் 150 மீட்டர் இடைவெளி. வடக்கே எர்ஸ்ட்ஃபெல்டில் லொறிகளை மறித்து பிரேக், பாரம், ஓட்ட நேரப் பதிவு எல்லாம் பார்க்கிறார்கள். அந்தச் சுரங்கம் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் நீளம், எதிரும் புதிருமாக ஒரே குழாயில் ஓட்டம். இரண்டாவது குழாய்க்கு வேலை நடக்கிறது. அது திறந்தால் நேருக்கு நேர் மோதும் ஆபத்து நீங்கும். ஆபத்தே இல்லாத வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கவனிப்பாரில்லாத வேலை இல்லை என்று சொல்வேன்.

நித்திரை பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிச ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் ஓடுவது 9 மணித்தியாலம்; கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். எல்லாவற்றையும் வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் என்ற கருவி பதிகிறது. சுவிசில் இரவு 10 மணி தொடங்கி விடிய 5 மணி வரை பாரவண்டிக்குத் தடை, ஞாயிறும் தடை.

இனித்தான் முக்கியமான விசயம். மகன் "எல்லை தாண்டி ஓட வேணும்" என்கிறான் என்று எழுதினீர்கள். வெளிநாட்டு லொறி சுவிசுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கச் சட்டம் விடாது. அதனால் உள்நாட்டு ஓட்டத்தில் சுவிஸ் சம்பளத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. எல்லை தாண்டியதும் கிழக்கு ஐரோப்பியக் கம்பனிகளோடு போட்டி. அந்தப் போட்டி சாரதியின் தலையில்தான் விடிகிறது. 2023 இல் ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் தரிப்பிடத்தில் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் சாரதிகள் சம்பளப் பாக்கி கேட்டு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். ஆகவே லேர முடிந்ததும் யாராவது "போலந்துக் கம்பனி, நல்ல காசு" என்று வந்தால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். என் விருப்பம், முதல் இரண்டு மூன்று வருசம் உள்நாட்டு மலைப்பாதை, பிறகு எல்லை.

எல்லை என்றால் காத்திருப்பு என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்துக்கு வெளியே இருக்கிறது. இத்தாலி எல்லையில் உள்ள கியாசோவில் ஒரு கடதாசி பிழைத்தால் அரை நாள் போய்விடும். அவ்வளவு நேரமும் கபினுக்குள் தனிய. ஒஸ்திரியாவின் ப்ரென்னர் கணவாய்ப் பக்கம் போனால் அங்கே தீரோல் மாநிலத்தில் வேறு தடைகள், நெரிசல் நாளில் ஜெர்மன் எல்லையோரக் குஃப்ஸ்டைனில் லொறிகளை எண்ணித்தான் விடுவார்கள். பொறுமை இல்லாத பிள்ளைக்கு மலையைவிட இந்த வரிசைதான் கஷ்டம்.

இப்போதைக்கு ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். ஒரு கிழமை ஷ்னுப்பர்லேர, அதாவது வேலையைப் பார்த்துப் பழகும் முன்னோட்டம், போகட்டும். கம்பனியிடம் கேட்கும்போது, ஒரு நாளாவது தெற்கே மலை தாண்டிப் போகும் வண்டியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் "பிடிச்சதா?" என்று கேட்க வேண்டாம், ஓம் என்றுதான் சொல்லுவான். வண்டி நின்ற நேரத்தில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கு எழுதி அனுப்புங்கள், அதிலிருந்து தொடங்கிக் கதைப்போம்.