பையன் கடல் காற்றாலைக் கப்பலுக்குப் போகணும்ங்கறான், கோர்ஸ்க்கு பணம் கட்டலாமா?

வணக்கம்மா. உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பையன் ப்ளஸ் டூ மேத்ஸ் பயாலஜி, எந்நேரமும் போன்ல கப்பல் எங்க போகுதுன்னு காட்டற ஆப்ப பாத்துட்டு இருக்கான், கடல் காற்றாலைக்குப் போற கப்பல்லதான் வேலைங்கறான், இப்போ ஒரு இடத்துல கப்பல ஒரே இடத்துல நிக்க வைக்கற டிபி கோர்ஸ் சேந்தா நேரா வெளிநாடுன்னு சொல்லி பெரிய தொகை கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இப்போ கட்டாதீங்கம்மா. அவன் ஆசையில தப்பே இல்ல, அந்த கோர்ஸ்க்கு இது நேரம் இல்ல, அவ்ளோதான்.

அது என்ன வேலைன்னு முதல்ல சொல்லிடறேன். இங்கிலாந்துக்குக் கிழக்கே வட கடல்ல ஹார்ன்சீ 1னு ஒரு காற்றாலை இருக்கு, 174 டர்பைன், கரையிலேர்ந்து 120 கிலோமீட்டர் தள்ளி. பக்கத்துலயே ஹார்ன்சீ 2, அதுல 165. ரெண்டையும் பராமரிக்கிற ஆளுங்க கிரிம்ஸ்பிங்கற பழைய மீன்பிடி துறைமுகத்துலேர்ந்துதான் கிளம்பறாங்க. கரைக்குப் பக்கத்துல இருக்கற காற்றாலைன்னா சிடிவின்னு சின்ன படகு போதும், வழக்கமா 12 டெக்னீஷியன் ஏத்திட்டு காலைல போய், படகு மூக்க டர்பைன் அடித்தண்டுல வச்சு இஞ்சின் வேகத்துலயே அழுத்திப் பிடிச்சுக்கும், அவங்க ஏணிக்குத் தாவிடுவாங்க. அலை ஒன்றரை மீட்டர் தாண்டினா பெரும்பாலும் அன்னிக்கு வேலை நின்னுடும். தூரத்துல இருக்கறதுக்கு எஸ்ஓவின்னு பெரிய கப்பல், டெக்னீஷியன்லாம் அதுலயே தங்கி சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போவாங்க, கப்பல் ஆடினாலும் ஆடாத நடைபாலம் ஒண்ணு டர்பைனுக்கு நீளும். நங்கூரம் போடாம கப்பல் அதே இடத்துல நிக்கணும்ல, அத கம்ப்யூட்டர் வச்சு செய்றதுதான் டிபி. அத இயக்கற ஆபீசர் டிபிஓ.

பையன் பாக்கற ஆப்புக்கு வர்றேன். அது ஏஐஎஸ் சிக்னல், ஓடற பெரிய கப்பல் 2லேர்ந்து 10 செகண்டுக்கு ஒரு தடவை தன் இடம், வேகம், திசைய சொல்லிட்டே இருக்கும். கரையில மரைன் கோஆர்டினேட்டர்னு 24 மணி நேரமும் ஷிப்ட்ல உக்காந்திருக்கறவங்களும் அதத்தான் பாக்கறாங்க, ஆனா அவங்க கவலையெல்லாம் ஆளுங்க மேல. எந்த டர்பைன் மேல யார் இருக்காங்க, அவங்கள எந்தப் படகு கூட்டிட்டு வரணும், மதியம் காத்து ஏறும்னு ரிப்போர்ட் வந்தா யார முதல்ல இறக்கணும். படகு திரும்பிடுச்சுன்னு ஆப் காட்டும், மேல மூணு பேர் இன்னும் இருக்காங்கன்னு ஆப் காட்டாது. அதனால அந்த நாற்காலிக்கு பெரும்பாலும் கடல்ல வேலை பாத்தவங்க, கோஸ்ட் கார்டுல இருந்தவங்களதான் எடுக்கறாங்க.

ஆக கப்பல்லயோ கரையிலயோ, வழி கடல் அனுபவம் வழியாத்தான். ஐஎம்யூ சிஇடின்னு கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதணும், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ்ல 60 சதவீதம், இங்கிலீஷ்ல 50. டிஎன்எஸ்ங்கற கப்பல் ஓட்டற டிப்ளமோன்னா காலேஜ்ல ஒரு வருஷம், அப்புறம் கேடட்டா, அதாவது பயிற்சி ஆபீசரா, 18 மாசம் கடல், பிறகு ஆபீசர் ஆக செகண்ட் மேட் பரீட்சை. சாதாரண சரக்குக் கப்பல்ல கேடட்டா போனா மாசக்கணக்குல வீட்டுக்கு வர மாட்டான், அத இப்பவே மனசுல வச்சுக்கோங்க. டிபி சர்டிபிகேட் குடுக்கறது லண்டன்ல இருக்கற நாட்டிகல் இன்ஸ்டிட்யூட், அது கையில வர ஆபீசர் சர்டிபிகேட்டும் வேணும், டிபி கப்பல்ல வேலை பாத்த நாள் கணக்கும் வேணும். ப்ளஸ் டூ முடிச்ச பையன் வெறும் கோர்ஸ் மட்டும் படிச்சா அந்தப் பேப்பர வச்சு எதுவும் பண்ண முடியாதும்மா.

இன்னொண்ணு, ஐரோப்பாவுல சிடிவி வேலைக்கு பெரும்பாலும் உள்ளூர் ஆளுங்கதான். நம்ம பசங்களுக்கு நடக்கக்கூடிய வழி, மும்பை ஹை, வளைகுடா மாதிரி எண்ணெய் வயல் சப்ளை கப்பல்கள்ல டிபி அனுபவம் சேத்துட்டு எஸ்ஓவி பக்கம் முயற்சி பண்றது. நம்ம மன்னார் வளைகுடாவுலயும் கடல் காற்றாலை வரும்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, 2024 ஜூன்ல மத்திய அரசு 7,453 கோடிக்கு திட்டம் ஒப்புக்கிச்சு, குஜராத்துல 500 மெகாவாட், தமிழ்நாட்டுல 500. நல்ல விஷயம்தான், ஆனா அத நம்பி மட்டும் படிப்ப முடிவு பண்ணாதீங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது கண் பரிசோதனை. மத்திய அரசோட கப்பல் துறை டிஜி ஷிப்பிங் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கலர் பார்வை டெஸ்ட் எடுங்க, அதுல ஃபெயில்னா கப்பல ஓட்டற டெக் ஆபீசர் ஆக முடியாது, பணம் கட்டினப்புறம் இது தெரிஞ்சு அழுத குடும்பங்கள பாத்திருக்கேன், மனசு ஆறாது. ஏஜென்ட் யாராவது வந்தா கப்பலுக்கு ஆள் எடுக்கறதுக்கான ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் நம்பர் கேளுங்க, டிஜி ஷிப்பிங் சைட்ல சரிபாருங்க. வேலை வாங்கித் தர கப்பல் வேலைக்குப் போறவங்ககிட்ட ஏஜென்ட் காசு வாங்கறதே சட்டப்படி தப்பு, கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க. கண் ரிசல்ட்டும் மார்க் ஷீட்டும் அனுப்புங்க, எந்த காலேஜ்னு பையனையும் வச்சே பேசுவோம்.