ஒற்றை ஃபோட்டான் சரி, இரட்டை ஏன் பிசகுகிறது?

வணக்கம். எங்கள் சிலிக்கான் சிப்பில், ஒளியைப் பிரித்துக் கலக்கும் 6 வழி இண்டர்ஃபெரோமீட்டர் வலை இருக்கிறது. 15 மாக்-செண்டர் (ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் அலகு), ஒளியின் ஃபேஸை, அதாவது அலைக்கட்டத்தை, சூட்டால் மாற்றும் 30 ஹீட்டர். துகள் அண்டைத் தளத்துக்கு மட்டுமே தாவக்கூடிய 6 தளச் சங்கிலியின் மாதிரியை அதில் ஏற்றினேன். தாவல் வலிமை, காலம் இரண்டின் பெருக்கல் 1. 3, 4 வாயில்களில் தனித்தனியே லேசர் விட்டு, ஹீட்டர்களைச் சற்று நகர்த்தி, ஒளிப் பங்கீட்டைக் கணக்கோடு பொருத்திவிட்டேன். ஆனால் இரண்டிலும் ஒவ்வொரு ஃபோட்டானை விட்டால் 2-5 ஜோடி (வெளிவாயில் 2இல் ஒன்று, 5இல் ஒன்று) 17 சதவீதம் வருகிறது. ஃபோட்டான்கள் ஒன்றுபோல் இல்லையோ? இதை அனலாக் சிமுலேஷன் என்று சொல்லலாமா?
ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃபோட்டான்கள்மேல் பழி போடாதீர்கள். உங்கள் சங்கிலியில் 2-5 ஜோடி, முழுக்க ஒத்த ஃபோட்டான்களுக்கு 4 சதவீதம். முழுக்க வேறுபட்டவற்றுக்கு 12. தரம் இடைப்பட்டதென்றால் எண்ணும் இடைப்பட்டதாகவே இருக்கும். ஒரே வாயிலில் இரண்டும் விழும் நிகழ்வுகளை டிடெக்டர் தவறவிட்டிருந்தாலும் 12 என்பது 14 வரைதான் ஏறும். 17 வர வழியில்லை.

பிசகு ஃபேஸில். தனி வாயில் லேசர், வலையை விவரிக்கும் அணியின் (மேட்ரிக்ஸ்) உறுப்புகளின் அளவை மட்டுமே காட்டும். 3, 4 உள்வாயில்களுக்குரிய நிரல்களுக்கு இடையிலான ஃபேஸைக் காட்டாது. 30 திருகுகளை வைத்துக்கொண்டு 12 எண்களைப் பொருத்தியிருக்கிறீர்கள். தப்பான விடைகளும் அதில் கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரே லேசரை 50:50 கப்ளரில் பிரித்து 3, 4 இரண்டிலும் செலுத்துங்கள். ஒரு ஃபைபரின் ஃபேஸை மெல்ல ஓட்டி, ஆறு வெளிவாயில்களையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். ஃபைபர் தானாக அலைந்தாலும் அப்போது கவலையில்லை. 1, 2, 3 சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். 4, 5, 6 அதற்கு நேர் எதிராக. விலகும் வாயிலுக்கு வரும் பாதையிலுள்ள ஹீட்டர்களில் தேடுங்கள்.

மூலகாரணம் பெரும்பாலும் வெப்பக் கசிவு: ஒரு ஹீட்டரின் சூடு பக்கத்துப் பாதைகளுக்கும் பரவுவது. 100 மைக்ரோமீட்டர் சிலிக்கான் அலைவழியில், 1550 நானோமீட்டர் ஒளிக்கு 180 பாகை ஃபேஸ் தர, சுமார் 42 டிகிரி சூடேற்ற வேண்டும். மற்றவற்றை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஹீட்டராக எடுத்த அளவுகள், 30ம் சேர்ந்து எரியும்போது செல்லாது. மற்றவற்றைச் சராசரித் திறனில் வைத்துக்கொண்டே மறுபடி எடுங்கள். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றாமல் திறனை ஏற்றுங்கள். ஹீட்டரின் மின்தடை சூட்டில் மாறும், ஆகவே மின்னோட்டத்தையும் அளக்க வேண்டும். பிறகு 3, 4 மட்டுமல்ல, ஆறு உள்வாயில்களையும் சோதியுங்கள்.

அனலாக்கா என்றால், என் பார்வையில் இல்லை. காலப் பரிணாமத்தை மடிக்கணினியில் கணக்கிட்டு, அந்த விடையை வலையில் பதிக்கிறோம். அனலாக் என்றால் ஹாமில்டோனியனே (அமைப்பின் ஆற்றலையும் தாவலையும் விவரிப்பது) சிப்பில் இருக்க வேண்டும்: அருகருகே ஓடும் அலைவழிகள், அவற்றின் இடைவெளி தாவலைத் தீர்மானிக்கும், நீளம்தான் காலம். 2010ல் பிரிஸ்டல் குழு 21 அலைவழிகளில் இரண்டு ஃபோட்டான்களை நடக்கவிட்டது அந்த வகை. ஆனால் பொறித்தபின் மாற்ற முடியாது. மின்புலத்தால் ஒளிப்பண்பு மாறும் லித்தியம் நையோபேட் படிகத்தில் மின்முனைகள் வைத்தால் மாற்றலாம். அங்கே தலைவலி வேறு: நீளம் நிலையானது என்பதால் காலத்தைக் கூட்ட தாவலைக் கூட்ட வேண்டும், ஒரு மின்முனையைத் தொட்டால் தாவலோடு பக்கத்துத் தளங்களின் ஆற்றலும் சேர்ந்தே நகரும்.

எந்த வகையானாலும் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. கட்டுரையில் போஸ்-ஹப்பார்ட் (தாவலோடு துகள்களின் மோதலும் சேர்ந்த மாதிரி) என்று எழுதினால், மோதல் உறுப்பு பூஜ்யம் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.