நாகசாகிக்கு நாள் குறித்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

அணுகுண்டு பற்றிய கட்டுரையில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனைக் கடுமையாகச் சாடியிருக்கிறீர்கள். என் தாத்தா மலேயாத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜப்பானியர் அவரைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு இழுத்துப் போனார்கள். குண்டு விழுந்ததால்தான் உயிரோடு ஊர் வந்தேன் என்று சாகும்வரை சொன்னார். குண்டு போடாமல் ஜப்பான்மேல் படையெடுத்திருந்தால் அமெரிக்கர்கள் மட்டுமே பத்து லட்சம் பேர் செத்திருப்பார்களாம். எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு ஜனாதிபதி எடுத்த முடிவைக் குறை சொல்லலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

சயாம் போய் மீண்டவர் ஜப்பானின் தோல்வியைக் கொண்டாடினால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். நான் மறுப்பது ‘எடைபோட்டு’ என்பதை மட்டும்தான்.

எழுத்தில் இருக்கும் உத்தரவு 1945 ஜூலை 25 தேதியிட்டது. ஜெனரல் தாமஸ் ஹேண்டி, விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 3 வாக்கில் வானிலை ஒத்துழைத்ததும் ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றில் ஒன்றின்மீது முதல் குண்டைப் போட வேண்டும். அடுத்த குண்டுகளைத் தயாராகத் தயாராகப் போட வேண்டும். அவ்வளவுதான். நாகசாகிக்கென்று தனியாக யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இரண்டாவது குண்டு ஆகஸ்ட் 11க்கு என்றுதான் திட்டம். வானம் மூடப்போகிறது என்று தெரிந்ததும் 9ஆம் தேதிக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள்.

அன்றைய முதல் இலக்குகூட நாகசாகி அல்ல. ஆயுதத் தொழிற்சாலை இருந்த கோகுரா. சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய விமானம் மூன்று முறை அதன்மேல் வந்து பார்த்தது. மேகத்திலும் புகையிலும் குறி தென்படவில்லை. போதாக்குறைக்கு ஒரு பம்ப் பழுதாகி, டாங்கில் இருந்த எரிபொருளில் ஒரு பகுதியை எடுக்கவே முடியவில்லை. நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். 11:02க்குக் குண்டு வெடித்தது, குறித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமி பள்ளத்தாக்கின்மேல். மாதாவின் விண்ணேற்புத் திருநாள் நெருங்கியதால் பாவசங்கீர்த்தனத்துக்காக உராகாமி தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள் அங்கேயே மாண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் அந்த நகரில் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர்.

அதே காலையில் டோக்கியோவில் உச்சப் போர்க்குழு கூடியிருந்தது. சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்துவிட்ட செய்தி அதற்குள் எட்டியிருந்தது. கூட்டத்தின் நடுவே நாகசாகிச் செய்தியும் வந்தது. அதன் பிறகும், எந்த நிபந்தனையில் சரணடைவது என்பதில் மூன்றுக்கு மூன்று என்ற பிளவு அப்படியே நின்றது. ஹிரோஷிமாவும் சோவியத் படையெடுப்புமே சரணடைய வைத்திருக்கும் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாத வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா தாராளமாக அவர்கள் பக்கம் நிற்கலாம்.

அந்தப் பத்து லட்சம், முன்னாள் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் 1947இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையால் ஊரெல்லாம் பரவியது. குண்டுக்கு எதிராகக் கண்டனம் கிளம்பிய பிறகு எழுதியது அது. அதிலும் அவர் சொன்னது காயம்பட்டவர்களையும் சேர்த்த கணக்கு.

ட்ரூமன் எடைபோட்டதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று ஆகஸ்ட் 10இல்தான் வருகிறது. மூன்றாவது குண்டு ஒரு வாரத்தில் தயார் என்று அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் தெரிவித்திருந்தார். என் அனுமதியில்லாமல் போடக்கூடாது என்று ட்ரூமன் நிறுத்தினார். இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைத்தாலே தாங்க முடியவில்லை, அத்தனை குழந்தைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதாக அமைச்சர் ஹென்றி வாலஸ் அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.