மேலே எறிந்த பந்து: பிளஸ் ஒன் சந்தேகங்களுக்குப் பதில்

கே: சார், உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கமும் சுழிதானே?

ப: இல்லை. சுழியாவது திசைவேகம் மட்டும். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². அதுவும் சுழியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கும், இறங்கவே இறங்காது.

கே: ஏறும்போது ஜி (ஈர்ப்பு முடுக்கம், அந்த 9.8) மைனஸ், இறங்கும்போது பிளஸ் என்று டியூஷனில் சொன்னார்கள். மாடியிலிருந்து மேலே எறியும் கணக்கில் குழம்புகிறது அண்ணா.

ப: அந்தப் பழக்கத்தை விட்டுவிடு தம்பி. எறிந்த இடம் சுழி, மேல்நோக்கி பிளஸ் என்று வைத்துக்கொள். ஜி கடைசிவரை மைனஸ்தான். பயணத்தை இரண்டாகப் பிரிக்கவே வேண்டாம். 58.8 மீ உயர மாடியிலிருந்து 19.6 மீ/வி வேகத்தில் செங்குத்தாக எறிகிறாய். தரை உனக்குக் கீழே, அதனால் இடப்பெயர்ச்சி −58.8. ஜியில் பாதி 4.9.

−58.8 = 19.6 × நேரம் − 4.9 × நேரம்²

4.9 ஆல் வகுத்துத் தீர்த்தால் 6, −2 என்று இரண்டு விடை வரும். 6 வினாடிதான் பதில்.

கே: அந்த −2ஐ அப்படியே அடித்துவிடலாமா?

ப: பேப்பரில் அடித்துவிடலாம். ஆனால் அதற்கும் அர்த்தம் உண்டு, எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே அதுதான். நீ எறிவதற்கு 2 வினாடி முன்பே தரையிலிருந்து ஒருவர் 39.2 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தால், நீ எறியும் கணத்தில் அவர் பந்து உன் கையருகே வரும், சரியாக 19.6 மீ/வி வேகத்தில். அப்புறம் இரண்டும் சேர்ந்தே பறந்து, சேர்ந்தே விழும். தரையைத் தொடும் வேகமும் 39.2தான், போட்டுப் பார்.

கே: ஏறும் கடைசி வினாடியில் கடக்கும் தூரம் கேட்டிருக்கிறார்கள். தொடக்க வேகமே கொடுக்கவில்லை.

ப: தேவையில்லை. உச்சியிலிருந்து திருப்பிப் பார்த்தால் அது சும்மா விட்ட பொருள் விழும் முதல் வினாடி: 4.9 மீ. ஒரு வினாடியாவது ஏறும் வேகம் இருந்தால் போதும். அதற்கு முந்தைய வினாடியில் 14.7, அதற்கும் முன் 24.5. 1:3:5, கலிலியோ கண்ட விகிதம்.

கே: மேலேறும் பலூனிலிருந்து கல்லை நழுவவிட்டால் தொடக்க வேகம் சுழியா?

ப: பலூனின் வேகமேதான், மேல்நோக்கி. கல் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

கே: மகளுக்குச் சொல்லித்தருகிறேன். நிஜத்திலும் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமா?

ப: காற்றில் இறங்கத்தான் கூடுதல் நேரம் ஆகும் அம்மா. ஏறும்போது காற்றுத்தடை ஈர்ப்போடு சேர்ந்துகொள்கிறது, இறங்கும்போது ஈர்ப்பை எதிர்க்கிறது. அதனால் எந்த உயரத்திலும் திரும்பி வரும் வேகம், போன வேகத்தைவிடக் குறைவு. இறகுப்பந்தை நேர் மேலே அடித்துக் காட்டுங்கள், புரிந்துவிடும். கேள்வியில் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்று இருந்தால் மட்டும் சமம் என்று எழுதச் சொல்லுங்கள்.